புட்டியில் கிடந்த சாட்சிகள்

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் பழங்காசும் ஓலைச்சுவடியும் நம் நினைவுக்கு வருகின்றன. எழுத்துப் பொறித்த பொருளே வரலாறு பேசும் என்னும் எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் கண்ணே இல்லாத, கசகசா விதையளவே இருக்கும் ஓர் உயிர் ஒரு நோயின் வரலாற்றைத் தன் வயிற்றுக்குள் சுமந்து கிடந்தது; அதனை ஐம்பதாண்டுகளுக்குப் பின்னர் மனிதர் எடுத்துப் படித்தனர். அந்த வாசிப்பைப் பற்றியே இக்கட்டுரையில் காணவிருக்கிறோம்.

அவ்வுயிர் வேறொன்றும் அன்று. மாட்டின் காதோரத்திலும் நாயின் கழுத்திலும் கடித்துத் தொங்கும் உண்ணியின் இனத்தைச் சேர்ந்ததே. 'உண்' என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. உண்பதே அதன் தொழில் என்று கண்டு, தொழிலையே பெயராக இட்டனர் நம் முன்னோர். ஆயினும் நாம் இங்குப் பேசவிருக்கும் வட அமெரிக்க மான் உண்ணி பெருந்தீனிக்காரன் அன்று. ஏறத்தாழ ஈராண்டு நீளும் வாழ்வில் அது மூன்றே முறை உண்கிறது. ஆறு கால்களோடு முட்டையிலிருந்து வெளிவந்த பருவத்தில் ஒருமுறை, எட்டுக் கால்கள் பெற்ற இளம்பருவத்தில் ஒருமுறை, முதிர்ந்தபின் ஒருமுறை. மூன்றும் குருதியே. முதல் உணவில் ஓர் எலியிடமிருந்து பெற்ற நுண்ணுயிரை அடுத்த உணவின்போது வேறோர் உயிருக்குக் கொடுத்துவிடுகிறது. அவ்வாறு மனிதருக்கு வந்து சேரும் நோய்களுள் ஒன்றுதான் லைம் நோய்.

இந்நோயின் பிறந்த ஆண்டு எது? பல நூல்கள் 1975 என்கின்றன. உண்மையில் அது நோய் பிறந்த ஆண்டு அன்று. நோயை மருத்துவ உலகம் காது கொடுத்துக் கேட்ட ஆண்டு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை டி.என்.ஏ. வாசிப்பு நமக்குக் காட்டியிருக்கிறது.

மாட்டிடையர் சொன்ன உண்மை

உண்ணி நோய் பரப்பும் என்னும் செய்தி 1975-க்கு வெகு முன்பே தெரிந்த ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் டெக்சஸ் பகுதியிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே ஓட்டிச் செல்வர். தெற்கத்தி மாடுகள் நோயின்றித் திடமாகவே இருக்கும். ஆனால் அவை மேய்ந்து சென்ற வழியில் பின்னர் மேய்ந்த வடக்கத்தி மாடுகள் காய்ச்சல் கண்டு மடியும். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர் பலர் சொல்லி வந்தனர். படித்தவர்கள் அதனை நாட்டுப்புற நம்பிக்கை என்று ஒதுக்கினர்.

ஒதுக்காமல் சோதித்துப் பார்த்தவர் தியோபால்ட் ஸ்மித். அமெரிக்க அரசின் கால்நடைத் தொழில் துறையில் பணியாற்றிய அவர், கால்நடை மருத்துவர் கில்போர்ன் என்பவரோடு 1889 முதல் சில கோடைக்காலங்கள் வாஷிங்டனுக்கு அருகே ஒரு சோதனை நடத்தினார். ஒரு வேலிக்குள் உண்ணியோடு கூடிய தெற்கத்தி மாடுகளும் வடக்கத்தி மாடுகளும் சேர்ந்து மேய்ந்தன. இன்னொரு வேலிக்குள், தெற்கத்தி மாடுகளின் உடலிலிருந்து உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கி நீக்கியபின் விட்டனர். வேறொரு வேலிக்குள் தெற்கத்தி மாடே இல்லை. உண்ணிகளை மட்டும் தூவினர். உண்ணி இருந்த இடங்களில் வடக்கத்தி மாடுகள் நோயுற்றன. உண்ணி பொறுக்கப்பட்ட இடத்தில் நலமாய் இருந்தன. 1893-இல் வெளியான அவர்களது அறிக்கை, சிவப்பணுக்களுக்குள் புகுந்து அழிக்கும் நுண்ணுயிரை உண்ணி கடத்துகிறது என்பதை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட 1897-க்கு நான்காண்டுகள் முற்பட்ட செய்தி இது.

நோயை நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்ப்பவரின் சொல் முதலில் ஏற்கப்படுவதில்லை என்பதும், பின்னர் அது மெய்யென நிறுவப்படுவதும் இவ்வரலாற்றில் மீண்டும் வரவிருக்கின்றன. ஆதலால் மாட்டிடையரை நாம் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம்.

குறிப்பேடு வைத்திருந்த தாய்

கனெக்டிகட் ஆறு கடலில் கலக்குமிடத்தில், ஆற்றின் கீழ்க்கரையில் லைம், ஓல்டு லைம் என்னும் சிற்றூர்கள் உள்ளன. காடும் வீடும் கலந்த பகுதி. அங்கு வாழ்ந்த பாலி மர்ரி என்னும் ஓவியர், 1960-கள் தொடங்கித் தாமும் தம் கணவரும் குழந்தைகளும் மாறிமாறி நோயுறுவதைக் கண்டார். மூட்டு வீக்கம், தோலில் தடிப்பு, காய்ச்சல், சோர்வு. மருத்துவர் பலரைக் கண்டும் காரணம் புலப்படவில்லை. நோய் உடலில் இல்லை, மனத்தில்தான் என்று சொன்னவர்களும் உண்டு. அவர் குறிகளையும் தேதிகளையும் எழுதி வைத்துக்கொண்டே வந்தார். அண்டை வீடுகளிலும் குழந்தைகளுக்கு மூட்டு வீங்குவதை அறிந்து அவற்றையும் குறித்துக்கொண்டார்.

1975-இல் அவரும், அவரை அறியாமலே அதே ஐயம் கொண்ட இன்னொரு தாயும் மாநில நலவாழ்வுத் துறையை அணுகினர். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்பது அரிய நோய். ஒரே தெருவில் பலருக்கு வருவது இயல்பன்று. யேல் பல்கலைக்கழகத்தின் இளம் மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆராயத் தொடங்கினார். அடுத்தடுத்த மூன்று ஊர்களில் 51 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் 39 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் கோடையில் நோயுற்றனர். ஏறத்தாழ நால்வரில் ஒருவர், மூட்டு வலிக்கு முன்னர் வட்டமாகப் பரவும் ஒரு செந்தடிப்பு தோன்றியதை நினைவுகூர்ந்தனர். ஆற்றின் கீழ்க்கரையில் நோய் மிகுதி, மேல்கரையில் குறைவு. பின்னர் உண்ணிகளை எண்ணிப் பார்த்தபோது அவையும் அவ்வாறே பரவியிருந்தன. நோயாளிகளுள் ஒருவர் தம்மைக் கடித்த உண்ணியை எறிந்துவிடாமல் வைத்திருந்தார். அது மான் உண்ணி என அடையாளம் காணப்பட்டது.

ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. ஆனால் உண்ணி எதைக் கடத்துகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

கடலுக்கு அப்பால் இருந்த பழங்குறிப்பு

வட்டமாகப் பரவும் செந்தடிப்பு அமெரிக்க மருத்துவருக்குப் புதிது, ஐரோப்பியருக்குப் பழையது. 1909-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய தோல் மருத்துவர் அவையில் ஆர்விட் அஃப்சீலியஸ் என்பவர், உண்ணி கடித்த இடத்திலிருந்து வளையமாய் விரியும் தடிப்பு ஒன்றை விவரித்தார். 1948-இல் அதே நகரில் கார்ல் லென்ஹாஃப் அத்தகைய தோல்துணுக்குகளில் சுருள்வடிவ நுண்ணுயிர்களைக் கண்டதாக எழுதினார். 1950-களில் ஐரோப்பிய மருத்துவர்கள் இதற்குப் பெனிசிலின் கொடுத்துக் குணமும் கண்டனர். 1955-இல் ஜெர்மானிய மருத்துவர் சிலர் நோயாளியின் தோல்துணுக்கைத் தம் தோலிலேயே ஒட்டவைத்து, நோய் தொற்றக்கூடியது என்று மெய்ப்பித்தனர்.

இவையனைத்தும் அச்சில் இருந்தன. ஆனால் தோல் மருத்துவரின் இதழை மூட்டு மருத்துவர் புரட்டுவதில்லை. ஜெர்மன் மொழிக் கட்டுரை ஆங்கிலம் படிப்பவரை எட்டுவதில்லை. அறிவு ஓரிடத்தில் இருப்பது வேறு. அது தேவைப்படும் இடத்தில் இருப்பது வேறு.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

மான்டானா மாநிலத்தின் ஹாமில்டன் என்னும் சிற்றூரில் ராக்கி மலை ஆய்வகம் இருக்கிறது. உண்ணி கடத்தும் புள்ளிக் காய்ச்சல் என்னும் கொடுநோயை ஆராய்வதற்கென உருவான இடம் அது. அங்கு 1951 முதல் பணியாற்றியவர் வில்லி பர்க்டார்ஃபர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பிறந்து, ஆப்பிரிக்க உண்ணியொன்றினுள் வாழும் சுருள்வடிவ பாக்டீரியாவைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவர்.

1981-இல் நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவிலிருந்து சில மான் உண்ணிகள் அவருக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் புள்ளிக் காய்ச்சலின் கிருமி உண்டா என்பதே கேள்வி. உண்ணியின் காலொன்றின் நுனியை நறுக்கி, வெளிவரும் துளியைச் சாயமேற்றி நோக்குவது அவர் வழக்கம். அக்கிருமி கிட்டவில்லை. ஆனால் இரண்டு உண்ணிகளின் துளியில் நுண்புழுக்கள் தென்பட்டன. அவை எங்கிருந்து வந்தன என்று அறியும் ஆவலில் உண்ணியின் உள்ளுறுப்புகளை அறுத்துப் பார்த்தார். குடலில், நீண்டு நெளிந்த சுருள்வடிவ நுண்ணுயிர்கள். முப்பதாண்டுகளுக்கு முன் பாசலில் தாம் கண்டு பழகிய உருவத்தின் சாயல் அது என்பதை அவர் கண்கள் உடனே அறிந்தன. வேறொருவர் கண்ணுக்கு அது பொருளற்ற கீற்றாகத் தோன்றியிருக்கக்கூடும்.

1982-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான கட்டுரையின்படி, ஆராய்ந்த 126 உண்ணிகளுள் 77-இல், அதாவது நூற்றுக்கு 61 விழுக்காட்டில், இந்நுண்ணுயிர் இருந்தது. நோயாளிகளின் குருதியிலிருந்த எதிர்ப்பொருள் அதனோடு வினைபுரிந்தது. ஆலன் பார்பர் அதனை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார். 1984-இல் அதற்குப் பொரேலியா பர்க்டார்ஃபரி என்று பெயரிட்டனர். கண்டவரின் பெயர் கிருமிக்கு நிலைத்தது.

வயது பற்றிய கேள்வி

கிருமி தெரிந்துவிட்டது. அடுத்து எழுந்தது நம்மைப் போன்ற வரலாற்று ஆர்வலர்க்கு உரிய கேள்வி. இந்நோய் 1970-களில் புதிதாய் முளைத்ததா? ஐரோப்பாவிலிருந்து அண்மையில் வந்து இறங்கியதா? அல்லது முன்பே அங்கிருந்து, கவனிக்கப்படாமல் போயிற்றா?

பழைய மருத்துவமனை ஏடுகள் இதற்கு விடை தாரா. பெயரில்லாத நோயை எவரும் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருக்க முடியாது. உயிருள்ள கிருமியை வளர்த்தறியும் வழியும் இல்லை. 1940-ஆம் ஆண்டின் கிருமியை இன்று எங்கே போய்ப் பிடிப்பது? எஞ்சியிருந்தவை அருங்காட்சியகச் சேகரிப்புகள் மட்டுமே. அங்கே பூச்சியியலாளர் பலர் பல காலங்களில் பிடித்த உண்ணிகள் ஆல்கஹாலில் கிடந்தன. அவற்றினுள் கிருமி எப்போதோ இறந்துவிட்டது. ஆனால் அதன் டி.என்.ஏ. துணுக்குகளாகவேனும் எஞ்சியிருக்கலாம்.

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடிய ஏடு. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்னும் அந்நான்கும் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதே ஓர் உயிரை மற்றோர் உயிரினின்று பிரித்தறியும் அடையாளம். அவ்வரிசையைப் படிக்கும் நல்ல முறையொன்றை 1977-இல் ஃப்ரெடரிக் சாங்கர் வகுத்தார். ஆனால் பழம்பொருளில் இருப்பதோ இம்மியளவு. அதனைப் பெருக்கும் வழியைக் கேரி மல்லிஸ் 1983-இல் கண்டார். தேடும் தொடரின் இரு முனைகளிலும் பொருந்துமாறு குறுந்துணுக்குகளைச் செய்து சேர்த்து, சூடாக்கியும் ஆற்றியும் வந்தால் அத்தொடர் ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்காகும். தடையின்றி இருமடங்காகி வந்தால் முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கும் மேலாகிவிடும். தேடும் தொடர் அங்கு இல்லையெனில் எத்தனை சுற்றுச் சுற்றினும் ஒன்றும் பெருகாது. பி.சி.ஆர். என்று இன்று எல்லோரும் அறிந்த முறை இதுதான்.

யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த டேவிட் பெர்சிங், சாம் டெல்ஃபோர்டு, ஆண்ட்ரூ ஸ்பீல்மன் முதலியோர் அமெரிக்காவின் பல இடங்களில் முன்பு பிடிக்கப்பட்ட 136 உண்ணிகளைச் சேகரிப்புகளிலிருந்து பெற்று இம்முறையில் ஆராய்ந்தனர். 1990-இல் முடிவு வெளிவந்தது. 13 உண்ணிகளில் பொரேலியாவின் டி.என்.ஏ. கிட்டியது. அப்பதின்மூன்றும் 1940-களில் லாங் ஐலண்டின் கிழக்கு முனையில், மான்டாக் முனை, ஹிதர் ஹில்ஸ் என்னும் இரண்டிடங்களில் பிடிக்கப்பட்டவை. பிற இடங்களின் 118 உண்ணிகளிலும், அதே சேகரிப்பைச் சேர்ந்த ஐந்து நாய் உண்ணிகளிலும் ஒன்றுமில்லை.

இந்த 'ஒன்றுமில்லை' மிகவும் பெறுமதியுடையது. பி.சி.ஆர். முறைக்குப் பெரும்பகை கலப்பு. ஆய்வகக் காற்றிலோ கருவியிலோ இன்றைய கிருமியின் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் அது பெருகிப் பொய்ச்சான்று பகரும். அத்தகைய கலப்பு நேர்ந்திருந்தால் எல்லாப் புட்டிகளிலும் தாறுமாறாகத் தென்பட்டிருக்கும். ஓரிடத்தின், ஒரு காலத்தின், ஓர் இனத்தின் உண்ணிகளில் மட்டும் தென்பட்டதே அச்சான்றின் நம்பகத்தன்மைக்குத் துணை நின்றது. மெய்ச்சாட்சி சொல்வதோடு, எவர் சாட்சி சொல்லவில்லை என்பதையும் சேர்த்து நோக்கும் முறை இது.

லைம் ஊர்த் தாய்மார் குரலெழுப்புவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கிருமி அங்கிருந்தது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. தேடல் பின்னோக்கி நீண்டது. 1894-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் டெடம் ஊரருகே பிடிக்கப்பட்டு, அருங்காட்சியகத்தில் உலர்தோலாக இருந்த வெண்கால் எலிகளிலும் அத்தொடர் கிட்டியதாக 1994-இல் அறிவித்தனர். ஐரோப்பாவில் 1884-ஆம் ஆண்டின் உண்ணியொன்றிலும் பொரேலியா வகையின் டி.என்.ஏ. காணப்பட்டது.

பாடபேதங்களின் வழியே

பி.சி.ஆர். 'உண்டு, இல்லை' என்று சொல்லும். கிருமியின் குலமரபைச் சொல்ல வேண்டுமாயின் எழுத்தெழுத்தாய்ப் படித்தாக வேண்டும். அப்படிப் படித்தபோது, ஒரே கிருமி என்று எண்ணியிருந்தது பல இனங்கள் என்பது 1990-களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. ஐரோப்பாவில் தோலை மிகுதியும் பற்றும் இனம் ஒன்று. நரம்பைப் பற்றுவது இன்னொன்று. அமெரிக்காவில் மூட்டைப் பற்றுவது வேறு. ஒரே நோய்க்கு இரு கண்டங்களில் இரு முகங்கள் ஏன் என்னும் பழைய புதிர் இதனால் பெரிதும் அவிழ்ந்தது. தோலைப் பற்றும் இனத்திற்குப் பொரேலியா அஃப்சீலி என்று பெயர் வைத்தனர். 1909-இல் ஸ்டாக்ஹோமில் பேசியவரின் பெயர் அவ்வாறு காலந்தாழ்ந்து உரிய இடத்தை அடைந்தது.

1997-இல் ஷெல்டர் தீவு உண்ணியிலிருந்து வளர்த்த அதே கிருமிவழியின் மரபணுத்தொகை முழுவதும் படிக்கப்பட்டு வெளியாயிற்று. அதன் முதன்மைக் குரோமோசோம் 9,10,725 எழுத்துகள் கொண்டது. பெரும்பாலான பாக்டீரியாக்களில் குரோமோசோம் வளையமாக இருக்கும். இதில் நேர்க்கோடாக இருந்தது. அதனைச் சூழ்ந்து சிறு டி.என்.ஏ. இழைகள் பல, இணைப்புச் சுவடிகளைப் போல.

ஒரு முழுமையான படி கையில் இருந்தால் பிற படிகளை அதனோடு ஒப்பிடலாம். தமிழ் பயின்றோர்க்கு இம்முறை புதிதன்று. ஒரே நூலின் பல சுவடிகளை வைத்துப் பதிப்பிப்பவர் பாடபேதங்களைக் குறிப்பார். இரண்டு சுவடிகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் இருப்பின் அவ்விரண்டும் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்று முடிவு செய்வார். கிருமியும் தன்னைப் படியெடுத்துக்கொண்டே வருகிறது. படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. அப்பிழைகள் வழிவழியாய்த் தொடர்கின்றன. எந்தப் பிழைகள் எந்தக் கிளைகளுக்குப் பொது என்று பார்த்தால் குடிவழி புலப்படும். பிழைகள் நேரும் விரைவைக் கணித்தால் கிளைகள் பிரிந்த காலமும் ஓரளவு தெரியும். ஏடெழுதுவோரின் பிழை சீரான விரைவில் நேர்வதில்லை. கிருமியினது ஏறத்தாழச் சீராக நேர்கிறது. பதிப்பாசிரியருக்குக் கிட்டாத வசதி இது.

யேல் பல்கலைக்கழகத்தின் காத்தரின் வால்டரும் உடன் ஆய்வாளரும் வட அமெரிக்காவின் பல பகுதிகளைச் சேர்ந்த 146 கிருமி மரபணுத்தொகைகளை இவ்வாறு ஒப்பிட்டு 2017-இல் முடிவு வெளியிட்டனர். அவற்றுள் பெரும்பாலானவை காடுகளில் பிடித்த உண்ணிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அதன்படி இக்கிருமி வட அமெரிக்கக் காடுகளில் குறைந்தது 60,000 ஆண்டுகளாகக் கிளைத்து வாழ்ந்து வருகிறது. அக்கண்டத்தில் மனிதர் கால்வைத்ததற்கு முற்பட்ட காலம் அது என்று ஆய்வாளர் குறித்தனர்.

காடு அழிந்ததும் மீண்டதும்

அறுபதாயிரம் ஆண்டுகளாய் இருந்த கிருமி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மட்டும் கொள்ளைநோயாய்ப் பரவுவானேன்? விடை காட்டின் வரலாற்றில் உள்ளது.

லின்னேயஸின் மாணவரான பீட்டர் கால்ம் 1749-இல் வட அமெரிக்கக் காடுகளில் பயணம் செய்தபோது உண்ணிகள் மலிந்திருந்ததை எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலப் பூச்சியியலாளர் ஏசா ஃபிட்ச், அதே பகுதிகளில் உண்ணி ஏறத்தாழ அற்றுப்போனதைப் பதிவு செய்தார். இடைப்பட்ட காலத்தில் நடந்தது காடழிப்பு. குடியேறியவர்கள் மரங்களை வெட்டி விளைநிலமாக்கினர். மான்களை வேட்டையாடி ஒழித்தனர். முதிர்ந்த உண்ணி பெரிதும் மானை நம்பி வாழ்வது. மான் போனபின் உண்ணி போயிற்று. கடலோரத் தீவுகள் போன்ற சில ஒதுக்கிடங்களில் மட்டும் மானும் உண்ணியும் கிருமியும் எஞ்சின. 1940-களின் உண்ணிகள் லாங் ஐலண்டின் முனையில் கிடைத்தது இதனோடு பொருந்தி வருகிறது.

பின்னர் உழவர் மேற்கே வளமான நிலம் தேடிப் போயினர். கைவிடப்பட்ட வயல்களில் காடு மீண்டது. வேட்டைக்காரரும் ஓநாயும் இல்லாத அக்காட்டில் மான் பெருகிற்று. அதே காலத்தில் நகரத்தார் காட்டோரத்தில் வீடு கட்டிக் குடியேறினர். கிருமி மாறவில்லை, அதனைச் சுற்றியிருந்த உலகம் மாறியது. இன்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,76,000 பேர் இந்நோய்க்கென மருத்துவம் பெறுவதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2010 முதல் 2018 வரையிலான தரவுகளைக் கொண்டு மதிப்பிட்டுள்ளது.

வதந்தியும் சான்றும்

லாங் ஐலண்டின் கிழக்கே பிளம் தீவு என்னும் சிறு தீவு உண்டு. அங்கே 1954-இல் அமெரிக்க அரசு கால்நடை நோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியது. லைம் ஊர் அத்தீவிலிருந்து நீரிணை கடந்தால் வந்துவிடும் தொலைவுதான். பொதுமக்கள் நுழையக்கூடாத தீவு, அரசு ஆய்வகம், அருகிலேயே பெயர் தெரியாத நோய்: வதந்திக்கு வேறென்ன வேண்டும்? கிருமி அங்கே படைக்கப்பட்டுத் தப்பி வந்தது என்னும் பேச்சு பல்லாண்டுகள் உலவியது. 2019 ஜூலையில் அமெரிக்க மக்களவை, 1950 முதல் 1975 வரை படைத்துறை உண்ணிகளை உயிர்ப்போர்க் கருவியாக்க முயன்றதா என விசாரிக்கக் கோரும் திருத்தம் ஒன்றை நிறைவேற்றும் அளவுக்கு அப்பேச்சு வளர்ந்தது.

இங்கு இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். படைத்துறை உண்ணிகளை வைத்துச் சோதனை செய்ததா என்பது ஒன்று. அதற்கு விடை அரசு ஆவணக் கிடங்குகளில் தேடப்பட வேண்டியது. வினவுவது குடிமக்களின் உரிமை. லைம் நோய்க் கிருமி அங்கே பிறந்ததா என்பது மற்றொன்று. அதற்கு விடை புட்டிகளில் இருந்தது. மையம் தொடங்குவதற்கு முன்பே பிடிக்கப்பட்ட உண்ணிகளிலும், 1894-ஆம் ஆண்டின் எலித்தோலிலும் இருந்த கிருமியை 1954-க்குப் பின் எவரும் படைத்திருக்க இயலாது. மருத்துவரால் நம்பப்படாமல் பல்லாண்டு அலைந்த நோயாளிகள் அரசையும் நம்ப மறுத்தது புரிந்துகொள்ளத்தக்கதே. ஐயம் தவறன்று, சான்று வந்தபின் அதற்குச் செவிசாய்க்காமைதான் தவறு.

வரிசை சொல்லாதவை

டி.என்.ஏ. எல்லாம் சொல்லிவிடும் என்று மயங்குவதற்கும் இடமில்லை. இப்போது ஓர் உண்ணியை அரைத்து, அதிலுள்ள எல்லா உயிர்களின் டி.என்.ஏ.வையும் ஒருசேரப் படித்துவிட முடிகிறது. முன்பு ஒரு கிருமியின் பெயரைச் சொல்லித் தேட வேண்டியிருந்தது. இன்று 'உள்ளே யார் யார்?' என்று பொதுவாகக் கேட்கலாம். ஒரே உண்ணியில் லைம் நோய்க் கிருமியும், சிவப்பணுக்களில் வாழும் பபீசியாவும், வெள்ளணுக்களில் வாழும் அனப்பிளாஸ்மாவும் கூடியிருப்பது தெரிய வருகிறது. 2009-இல் மிசௌரி மாநிலத்து உழவர் இருவர் உண்ணிக்கடிக்குப் பின் நோயுற்றபோது, எவரும் அறியாத ஒரு வைரஸை அவர்தம் குருதியிலிருந்து இனங்கண்டதும் இத்தகைய வாசிப்பே. ஹார்ட்லண்ட் வைரஸ் என்று அது பெயர் பெற்றது.

ஆனால் உண்ணியின் வயிற்றில் ஒரு கிருமியின் டி.என்.ஏ. இருப்பதனால் அக்கிருமி உயிரோடிருந்தது என்றாகாது. உயிரோடிருந்ததனால் உண்ணி அதனைக் கடத்தும் என்றாகாது. கடத்தினால் மனிதர் நோயுறுவர் என்றும் ஆகாது. மேய்ந்த எலியின் குருதியில் இருந்த ஏதோவொன்றின் மிச்சமாகவும் அது இருக்கலாம். துணுக்குகள் சிதைந்திருக்கும்போது பெயரிடுவதிலும் இடர் உண்டு. ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கிடைத்த 5,300 ஆண்டு பழைய மனித உடலில் லைம் நோய்க் கிருமியின் தொடர்கள் உள்ளன என்று 2012-இல் அறிவித்தனர். அவை பொரேலியாவின் வேறோர் இனத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று பின்னொரு பகுப்பாய்வு கருதியது. ஒரு கல்வெட்டில் மன்னன் பெயர் இருப்பதனாலேயே அவன் அவ்வூரை ஆண்டான் என்று நாம் எழுதிவிடுவதில்லை அல்லவா? அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும். வரிசை தருவது ஒரு பெயர். அப்பெயரைச் சுற்றி நோயாளியின் குறிகள், உண்ணியின் வாழ்க்கைமுறை, காட்டின் நிலை ஆகியவற்றை அடுக்கிய பிறகே வரலாறு உருவாகிறது.

இவ்வரலாற்றில் பங்கு கொண்டோரை ஒருங்கே நினைத்துப் பார்க்கிறோம். உண்ணியே காரணம் என்று சொன்ன மாட்டிடையர், குறிப்பேட்டில் தேதிகளை எழுதி வந்த தாய், தம்மைக் கடித்த உண்ணியை எறியாமல் வைத்திருந்த நோயாளி, முப்பதாண்டுக்கு முந்தைய உருவத்தை மறவாத ஆய்வாளர். இவர்களோடு, 1940-களில் மான்டாக் முனையில் உண்ணி பிடித்தவரையும் சேர்த்தல் வேண்டும். டி.என்.ஏ. இரட்டைச் சுருள் வடிவினது என்று உலகம் அறிந்ததே 1953-இல்தான். தாம் சேர்த்து வைக்கும் பொருளினுள் படிக்கத்தக்க ஏடொன்று இருக்கிறது என்று அவர் அறிந்திருக்க வழியில்லை.

ஆயினும் அப்புட்டியோடு பிடித்த இடமும் காலமும் பதிவாகியிருந்தன. டி.என்.ஏ. வாசிப்பு கிருமியின் பெயரைச் சொல்லிற்று. ஆண்டைச் சொன்னது அந்தப் பதிவு. அது உதிர்ந்து போயிருந்தால் அவை எக்காலத்தனவோ தெரியாத சில உண்ணிகளாகவே எஞ்சியிருக்கும். அவற்றை எவரும் ஆய்வுக்குக் கேட்டிருக்கமாட்டார்.